செயினை அளந்து வெட்டாதீர்கள், எண்ணி வெட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், பைக் செயினை வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மெக்கானிக் கடையை விட்டால் வேறு கதியில்லை என்று நினைப்பவர்களுக்குப் பயன்படும் விஷயம், எழுதியவரைப் பாராட்டுகிறேன். ஆனால் அதில் இரண்டு இடங்கள் தவறு. எழுதாமல் விட்ட ஒன்று அந்த இரண்டையும்விட ஆபத்து. அடுத்த இணைப்பில் திருத்தம் வர வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உங்கள் நாளிதழின் முகவர். உடுமலைப்பேட்டையில் கட்டுகளைப் பிரித்து, இணைப்பைச் செருகி, தளி, ஜல்லிபட்டி, எரிசனம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு என் பைக்கிலேயே கொண்டுபோகிறேன். பின் சீட்டில் ஒரு கட்டு, டேங்க் மேல் ஒரு கட்டு, இரண்டு பக்கமும் சாக்குப் பை. பேப்பர் போய்ச் சேர வேண்டியது விடிவதற்குள். ஒர்க்‌ஷாப் ஷட்டர் தூக்குவது ஒன்பது மணிக்கு மேல். கூலி ஒன்றும் பெரிய காசில்லை. நேரம் ஒத்துவராததால்தான் செயின் வேலையை நானே பழகிக்கொண்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மெக்கானிக். "ஏனுங்க, எல்லாரும் உங்களை மாதிரியே மாட்டிக்கிட்டா நான் எங்கீங்க போறது?" என்று கேட்டுக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் செயினுக்குப் பகை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. வைகாசியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. காற்றாலைக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் உழுத காட்டுப் புழுதியும், எம்-சாண்ட் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் துகளும் செயினில் இருக்கும் ஆயிலோடு கலந்து, இரும்பை அரைக்கிற பசையாகிவிடும். மழை ஊரில் ஓடுகிற வண்டியின் கணக்கு எனக்கும் இதே பாதையில் போகும் பால்காரர்களுக்கும் ஒத்துவராது. அதனால் இத்தனை கிலோமீட்டர் ஓடியதும் மாற்று என்று யார் சொன்னாலும் நான் கேட்பதில்லை. செயினையே அளந்து பார்த்துக்கொள்வேன்.

இனி முதல் தவறு. "பழைய செயினைத் தரையில் நீட்டி வைத்து, புதியதை அதன் பக்கத்தில் வைத்து, அதே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளவும்" என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. துணி வெட்ட வேண்டுமானால் சரி. செயினுக்கு இது ஆகவே ஆகாது.

பழைய செயின் நீண்டிருக்கும். தகடு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் என்கிற சிறு கம்பி ஒன்று இருக்கிறது, அது புஷ் என்கிற சிறு குழாய்க்குள் திரும்புகிறது, புஷ்ஷுக்கு மேலே ரோலர் உருளுகிறது. பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்து இடைவெளி விழுகிறது. மூட்டுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் கண்ணுக்கே தெரியாது. என் வண்டிச் செயினில் 116 மூட்டு. கால் மில்லிமீட்டர் வீதம் 116 மூட்டுக்கும் கூட்டிப் பாருங்கள், 29 மி.மீ. வருகிறது. ஒரு கண்ணியின் நீளமே 12.7 மி.மீ. தான். அதாவது முழுக்கத் தேய்ந்த செயினை அளவாக வைத்துப் புதுச் செயினை வெட்டினால் இரண்டு கண்ணி கூடுதலாக நிற்கும்.

இரண்டு கண்ணி கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். செயின் பல்சக்கரங்களைச் சுற்றி மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஓடுகிறது. அதனால் இரண்டு கண்ணி நீளத்தை விழுங்க, பின் சக்கரத்தின் அச்சான ஆக்ஸில் அதில் பாதி தூரம், ஒரு கண்ணி நீளமான 12.7 மி.மீ., பின்னால் போக வேண்டும். புதுச் செயின் மாட்டிய அன்றே, ஆக்ஸிலை நகர்த்தும் அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் தீர்ந்துபோகும். பிறகு அந்தச் செயின் தன் ஆயுளில் தேய்ந்து நீளும் 29 மி.மீ.க்கு ஆக்ஸில் இன்னும் 15 மி.மீ. அளவுக்குப் பின்னால் நகர இடம் வேண்டும். இருக்காது. செயினில் பாதி உயிர் மிச்சமிருக்கும்போதே அட்ஜஸ்டர் கடைசிக்குப் போய்விடும். புதுச் செயினோடு பின் ஆக்ஸில் அதன் தடத்தில் முன்பக்கத்தை ஒட்டி நிற்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே எண்ண வேண்டும். எதை எண்ணுவது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். உள் தகடு ஒன்று, வெளித் தகடு ஒன்று என்று எண்ணுபவர்கள் உண்டு. செயினின் இரண்டு முனையையும் கோக்கும் லாக்கைச் சேர்ப்பதா விடுவதா என்று தடுமாறுபவர்கள் உண்டு. இரண்டு தகடும் சேர்ந்ததை ஒன்றாக எண்ணி, பாதித் தொகையோடு கடைக்குப் போய் நிற்பவர்களும் உண்டு. ரோலரை எண்ணுங்கள், சண்டையே இல்லை. லாக்கைக் கழற்றித் தரையில் நீட்டிய செயினில் எத்தனை ரோலரோ அத்தனைதான் பெட்டியில் போட்டிருக்கும் எண். 116 ரோலர் இருந்தால் அது 116 கண்ணிச் செயின். லாக் தகட்டில் ரோலர் கிடையாது என்பதால் அதைச் சேர்ப்பதா என்ற கேள்வியே எழாது. பத்து ரோலருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் நடுவில் யாராவது கூப்பிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தொகை எப்போதும் இரட்டைப்படைதான். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் வேறு மாதிரி வர வழியில்லை. 115 வந்தால் மறுபடி எண்ணுங்கள். ஒற்றைப்படையைச் சரிக்கட்ட வளைந்த அரைக் கண்ணி என்று ஒன்று விற்கிறார்கள். சும்மா சுற்றும் இயந்திரங்களுக்கு அது சரி, ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் பைக்கில் அதைப் போடாதீர்கள்.

எண்ணிக்கைக்கு முன்னால் செயினின் ஜாதி தெரிய வேண்டும். வெளித் தகட்டின் மேலேயே 428 என்றோ 520 என்றோ அடித்திருப்பார்கள். முதல் இலக்கம், ஒரு கண்ணியின் நீளம் அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. 4 என்றால் எட்டில் நான்கு, அரை அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கம் உள் தகடுகளுக்கு நடுவே உள்ள அகலத்தைக் குறிக்கிறது. 420, 428 இரண்டுக்கும் கண்ணி நீளம் ஒன்றே. ஆனால் 420-இல் உள் அகலம் கால் அங்குலம், 428-இல் அதைவிட அதிகம், சுமார் 8 மி.மீ. எனவே 420 செயின் 428-க்கான பல்லில் உட்காராது. 428-க்குப் பின்னால் H என்ற எழுத்து இருந்தால் தகடு தடிமன் கூடியது என்று பொருள். என்னைப் போல் சுமை ஏற்றுபவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். நம் ஊர்ச் சாதாரண 100, 125, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428 தான்; கேடிஎம் டியூக் மாதிரி வண்டிகளில் 520.

எல்லாம் மெட்ரிக் ஆன பிறகும் செயின் மட்டும் அங்குலத்திலேயே நிற்கிறது. புஷ்ஷும் ரோலரும் உள்ள இந்த அமைப்புக்கு ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காப்புரிமை வாங்கினார். இன்று கோவையில் எல்ஜிபி நிறுவனமும் சென்னையில் டிஐ நிறுவனமும் செய்கிற செயினும் அதே அமைப்புதான். நம் பக்கத்திலேயே செய்கிற பொருள், ஆனால் அதன் எண்ணை வாசிக்க மட்டும் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் வண்டி மாடலுக்கென்றே வரும் கிட் வாங்கினால் வெட்டுகிற வேலையே இல்லை. ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரம் இரண்டும், அளவான செயினும், லாக்கும் ஒரே பெட்டியில் இருக்கும். இருந்தாலும் கடையிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் பழைய மாடல், புது மாடல் என்று இருந்தால் பல்லும் கண்ணியும் மாறியிருக்கலாம். பழைய ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கை அடித்திருக்கும், அதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

செயின் மட்டும் 120 கண்ணியாக வாங்கி 116-ஆக்க வேண்டுமென்றால் இப்படி. ஒரு முனையிலிருந்து 116 ரோலர் எண்ணுங்கள். 116-ஆவது ரோலரையும் 117-ஆவது ரோலரையும் இணைப்பது ஒரு வெளித் தகடாக இருக்கும். உள் தகடாக இருந்தால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும், வெட்டாதீர்கள். அந்த வெளித் தகட்டின் இரண்டு பின்களின் தலையும் நசுக்கப்பட்டு அகலமாக இருக்கும். அதைத் தகட்டின் மட்டத்துக்குக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, செயின் கட்டரால் தள்ளினால் பின் வெளியே வந்துவிடும். தேய்க்காமல் சுத்தியலால் அடித்தே தள்ளப் பார்ப்பவர்கள் பக்கத்துப் புஷ்ஷையும் கோணலாக்கிவிடுவார்கள். அங்கே செயின் மடங்காமல் இறுகி நிற்கும். கட்டர் இல்லையென்றால் அடியில் ஒரு பெரிய நட்டை வைத்து, பின் அதன் துளைக்குள் இறங்கும்படி பஞ்ச் வைத்துத் தட்டலாம், தலையைத் தேய்த்த பிறகு மட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டி முடித்ததும் இரண்டு முனையும் ரோலர் உள்ள உள் கண்ணியாக இருக்க வேண்டும். அப்போதுதான் லாக் ஏறும்.

பின் ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டியவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் சேர்த்துக் கூடிய பல்லில் பாதி அளவுக்குக் கண்ணி கூடுதலாக வேண்டும். மலைப் பாதையில் சுமை இழுக்க 44 பல்லை 46 ஆக்கினால் ஒரு கண்ணி கூடும். 117 கிடையாது. 116-ஐயே போட்டால் ஆக்ஸில் 6 மி.மீ. சொச்சம் முன்னால் வர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் 118 போட்டு அதே அளவு பின்னால் போக வேண்டியதுதான். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15-க்குப் பதில் 14 போடுபவர்களுக்கு அரைக் கண்ணி மிச்சமாகும், 3 மி.மீ. போல ஆக்ஸிலைப் பின்னால் இழுத்தால் தீர்ந்தது.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதற்கும் அளவு இருக்கிறது. 428 செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் இடது விளிம்பிலிருந்து தொடங்கி, அதை ஒன்று என்று எண்ணி, 21-ஆவது பின்னின் இடது விளிம்பு வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் 20 கண்ணி. புதிதாக இருந்தபோது 254 மி.மீ.; 259-ஐத் தொட்டுவிட்டால் கழற்றிவிட வேண்டும். மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரே சீராகத் தேயாது. ஸ்கேல் இல்லாதவர்கள் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புற நடுவில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பார்க்கலாம். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் முடிந்தது. கழற்றிய செயினைப் பக்கவாட்டில் பிடித்தால் புதுச் செயின் ஓரளவு நேராக நிற்கும், தேய்ந்தது புடலங்காய் போல வளைந்து தொங்கும். ஸ்ப்ராக்கெட் பல் கொக்கியாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினை மட்டும் மாற்றுவது வீண். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும் முறையைக் கட்டுரையில் ஓரளவு சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். சில இடங்களை மட்டும் சேர்க்கிறேன். முன் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டையோ நட்டையோ பழைய செயின் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். செயினைக் கழற்றிய பிறகு தளர்த்தப் போனால் ஸ்ப்ராக்கெட் கூடவே சுற்றும், பிடிமானம் கிடைக்காது. வண்டியைக் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மற்றவர் திருக வேண்டும். எங்கள் வீட்டில் மிதிப்பது என் மனைவி. "இன்னும் எத்தனை நேரமுங்க, அடுப்புல பால் இருக்குது" என்பது அந்த வேலையின் ஒரு பகுதி. பின் சக்கரத்தை இறக்கும்போது ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். ரப்பர் நசுங்கியிருந்தால் புதுச் செயின் போட்டும் கியர் மாற்றும்போது உதை நிற்காது, செயின் மேல் பழி விழும். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கட்டாயம்.

செயினின் இரண்டு முனையையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் மேல் கொண்டுவந்து சேர்ப்பது சுலபம். பற்கள் இரண்டு முனையையும் சரியான இடைவெளியில் பிடித்துக்கொடுக்கும். லாக்கின் பின்களை டயர் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகச் செருகி, வெளித் தகட்டை வைத்து, அதன் மேல் கிளிப்பை ஏற்ற வேண்டும். கிளிப் வெளிப்பக்கம் இருந்தால்தான் தினமும் கண்ணில் படும்.

இங்கேதான் உங்கள் கட்டுரை மௌனமாக இருந்துவிட்டது. கிளிப்புக்கு ஒரு முனை மூடியது, ஒரு முனை பிளந்தது. மூடிய முனை எப்போதும் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். வண்டி முன்னால் போகும்போது மேல் ஓட்டத்தில் செயின் பின் சக்கரத்திலிருந்து என்ஜினை நோக்கி ஓடுகிறது. ஆகவே லாக் மேலே இருக்கும்போது மூடிய முனை என்ஜினைப் பார்க்க வேண்டும். அதே லாக் சுற்றிக் கீழே வந்தால் மூடிய முனை பின்பக்கத்தைப் பார்க்கும்; அதுவும் சரிதான், திசை ஒன்றே. மாற்றிப் போட்டால் பிளந்த முனை முன்னால் போகும். செயின் கவரில் உரசினாலும், ஒரு கல் பட்டாலும், சாலையோரக் கொடி சிக்கினாலும் கிளிப் பின்னால் தள்ளப்பட்டுக் கழன்றுவிடும். எங்கள் பாதையில் பேப்பர் போடும் ஒரு தம்பிக்கு, ஏதோ ஒரு கடையில் மாட்டிக்கொடுத்த லாக் இப்படித் தலைகீழாக இருந்தது. கிளிப் போய், தகடு போய், செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் சுருண்டு, என்ஜின் கேஸை உடைத்துவிட்டது. நேர்ச் சாலையில் மெதுவாகப் போனதால் ஆள் தப்பினான். பின் சக்கரம் இறுகி நின்றிருந்தால் பின்னால் வரும் லாரிக்காரர் என்ன செய்வார்?

ஒருமுறை கழற்றிய கிளிப்பை மறுபடி போடக் கூடாது. அதன் விறைப்பு போயிருக்கும். புது லாக்கின் விலை ஒரு சாப்பாட்டு விலைகூட வராது. நான் ஒன்றை எப்போதும் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். ஓ-ரிங் வைத்த செயின் என்றால் லாக்கோடு நான்கு ரப்பர் வளையம் வரும். உள்ளே இரண்டு, வெளித் தகட்டுக்கு அடியில் இரண்டு. வெளித் தகட்டை அதற்கான கருவியால் அழுத்தி, கிளிப்புக்கான வெட்டு தெரிந்த பிறகே கிளிப் போட வேண்டும். பெரிய வண்டிகளில் கிளிப்பே இல்லாமல் பின்னின் தலையை விரிக்கும் லாக் வரும். அந்தக் கருவி வீட்டில் இல்லையென்றால் அதை மட்டும் கடையில் செய்துகொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி இரண்டாவது தவறு. "தொய்வே இல்லாமல் இறுக்கவும்" என்று அச்சாகியிருக்கிறது. இதை வாசித்துவிட்டு யாரும் இறுக்கிவிடக் கூடாது என்று நான் அன்று காலை பேப்பர் போட்ட வீடுகள் சிலவற்றில் வாய்மொழியாகவே சொல்லிவிட்டு வந்தேன். தொய்வு வேண்டும். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொரு வண்டிக் கையேட்டிலும் இருக்கும், எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளப்பது என்றும் இருக்கும். சாதாரண வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 வரை. ஏன் வேண்டும்? ஆளும் சுமையும் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே எழும்புகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் செயினுக்கு நீளம் அதிகம் தேவைப்படும். ஸ்டாண்டில் நிற்கும்போது விறைப்பாக வைத்த செயின், பள்ளத்தில் இறங்கியதும் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டையும் அதன் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். ஆயில் சீல் கசியத் தொடங்கும். செயினை இறுக்கியதுதான் காரணம் என்று பிறகு யாருக்கும் தோன்றாது. நான் கட்டுகளை ஏற்றிவிட்டு, சீட்டில் ஆளை உட்கார வைத்தும் ஒருமுறை செயினைத் தொட்டுப் பார்ப்பேன். அப்போதும் கொஞ்சம் அசைய வேண்டும். சுமை வண்டிக்குக் கையேட்டு அளவின் மேல் எல்லையை ஒட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் தொய்வைப் பாருங்கள். ஒரு இடம் மற்றதைவிட இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கமான இடத்தில்தான் அளவை வைக்க வேண்டும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், சரி. ஆனால் அடிபட்ட வண்டிகளில் கோட்டை நம்ப முடியாது. பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்து, ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் நடு வரை இரண்டு பக்கமும் ஒத்துப் பாருங்கள். சக்கரத்தை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆக்ஸில் நட்டை இறுக்கி, மறுபடி தொய்வைப் பாருங்கள்; இறுக்கும்போது மாறிவிடுவது உண்டு. ஆக்ஸில் நட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் உள்ள வண்டிக்குப் புதுப் பின் போடுங்கள். சக்கரம் நகர்ந்திருப்பதால் டிரம் பிரேக் வண்டியில் பிரேக் ராடு நட்டையும் பின் விளக்கு சுவிட்சையும் சரிபார்க்காமல் ரோட்டில் ஏறக் கூடாது. செயின் மாற்றிய உற்சாகத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

புதுச் செயினில் கம்பெனி கிரீஸ் இருக்கும், அதைக் கழுவ வேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், அப்போது ஒருமுறை சரிசெய்தால் பிறகு நிதானப்படும். ஆயில் விஷயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் என்ஜினிலிருந்து எடுத்த வேஸ்ட் ஆயிலைத் தடவுவது. அதில் என்ஜின் தேய்ந்த இரும்புத் தூள் இருக்கிறது. காசு மிச்சம், செயின் நஷ்டம். 90 கியர் ஆயில் போதும். வண்டி ஓடி வந்த சூட்டில், கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாகத் தகடுகளுக்கு நடுவே விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் புழுதிக்கு விருந்து. கழுவ மண்ணெண்ணெய் கிடைத்தால் அது. பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினுக்குக் கம்பி பிரஷும் வேண்டாம்.

இன்னொன்றையும் திருத்தத்தோடு சேர்த்துப் போட வேண்டுகிறேன். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலும் சேர்ந்து உள்ளே போகும். இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. என்ஜினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆக நான் கேட்பது இவை. "அதே நீளத்துக்கு வெட்டவும்" என்பதற்குப் பதில் ரோலரை எண்ணி வெட்டச் சொல்லுங்கள். "தொய்வே இல்லாமல்" என்பதை எடுத்துவிட்டு, கையேட்டில் உள்ள தொய்வு அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கிளிப்பின் மூடிய முனை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை ஒரு படமாகப் போடுங்கள்; எழுத்தில் சொன்னால் பாதிப் பேருக்கு இடம் வலமாகிவிடும். வரைய ஆள் இல்லையென்றால் என் வண்டிச் செயினையே படமெடுத்து அனுப்பத் தயார், அம்புக்குறி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வாகனப் பக்கத்திலேயே, முன்பு வந்த அதே அளவு எழுத்தில் வரட்டும். திருத்தங்களை வரி விளம்பரத்துக்கு அடியில் போட்டால் அவற்றை நான்கூடப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
நாளிதழ் முகவர்,
உடுமலைப்பேட்டை.